எங்கள் வாயிற்காவலர்

நீலமலையின் மடியிலே, யூகலிப்டஸ் மரங்கள் காவல் நிற்க, மூடுபனி வந்து முகம் துடைத்துச் செல்லும் எங்கள் பள்ளியின் பெரிய இரும்பு வாயிலை அறியாத மாணவி இருக்க முடியாது. அதன் பக்கத்தில் தகரக் கூரை வேய்ந்த சிறிய அறை ஒன்று உண்டு. காலை மணி 8.40க்குப் பிறகு வருகிறவள் எவளாயினும், அவள் தகப்பனார் மாவட்ட ஆட்சியரேயாயினும், அந்த அறையின் முன் நின்று பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தள்ளுபடி கிடையாது. எங்கள் ஐவரின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் எத்தனை முறை ஏறியிருக்கின்றன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பெற்றோரும் இம்மலரைப் படிப்பார்கள் அல்லவா!

அந்த அறையில் இருப்பவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'கர்னல்'. மழையிலும் நிமிர்ந்து நிற்பார். காக்கிச் சட்டையின் மடிப்புக் கலையாது. மதரின் கார் வரும்போது குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடிப்பார். எங்களுள் ஒருத்தி அந்தச் சல்யூட்டை மிக நன்றாக நடித்துக் காட்டுவாள். ஒரு நாள் மாலை அவள் நடித்துக்கொண்டிருக்க, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, அவள் பின்னால் அவரே வந்து நின்றார். எங்களுக்கு நா எழவில்லை. அவரோ அவள் கையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ளங்கை முன்னால தெரியணும் பாப்பா. நீ காட்டுறது கப்பற்படை சல்யூட்டு" என்று திருத்தினார். பிறகு, "நான் கர்னல் இல்ல. ஹவில்தார்" என்று சொல்லிவிட்டு வாயிலைப் பூட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் அவரைத் தாத்தா என்று அழைக்கலானோம். ஆனாலும் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டது சென்ற நவம்பர் மாதத்தில், ஒரு மழை நாளில்.

அன்று குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டது. பேருந்துகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விட்டார்கள். சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்தரை மணிக்கு வெளியே வந்த எங்களுக்குப் பேருந்து இல்லை. வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்ட சிஸ்டர், "காவலர் அறையிலேயே உட்கார்ந்திருங்கள், நனையாதீர்கள்" என்றார். நாங்கள் நால்வர். ஐந்தாமவள் விடுதி மாணவி. எங்களுக்குக் குடை கொண்டு வந்தவள், எங்களோடேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக்குப் பேசிவிட்டு வந்தால் செவ்வாய்க்கிழமை வரை கண் சிவந்திருக்கும்.

தாத்தா தம் பிளாஸ்கைத் திறந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா புள்ளைகளா?" என்று கேட்டார்.

எங்கள் விடுதித் தோழி சட்டென்று நிமிர்ந்தாள். "தாத்தா, நீங்க சிலோனா? எங்க பாட்டியும் தேத்தண்ணின்னுதான் சொல்லுவாங்க!" என்றாள். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பைக் கண்டோம். மழை அப்புறம் இரண்டரை மணி நேரம் பெய்தது. பெய்யட்டும் என்றே நாங்களும் இருந்தோம்.

அவர் பிறந்தது 1966ஆம் ஆண்டு, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, அந்நாட்டு மலைகளில் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அவருடைய பெற்றோர். அந்நாடு விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்து, எந்த நாட்டிற்கும் உரியவர் அல்லாதவராய் நின்றார்கள். 1964 அக்டோபரில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. மூன்று இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். எண்ணிப் பங்கிட்டுக் கொண்டார்கள்! (இந்த இடத்தில் எங்களுள் ஒருத்தி, "பாத்திரம் பண்டமா தாத்தா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.)

அவர் குடும்பம் 1975இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. பிறகு மண்டபம் முகாம். பிறகு குன்னூருக்கு அருகே, தாயகம் திரும்பியோருக்கென்றே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலையும் ஒரு லயத்து வீடும் கிடைத்தன. அதே கொழுந்து, அதே குளிர், அதே கூடை. இங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்று சொல்லியிருந்தார்கள்.

புறப்படும்போது அவருடைய தாயார் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வர நேர்ந்தது. தாத்தாவுக்கு ஓர் அக்காள் இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். தேயிலை மலையின் ஓரத்தில் அவளை அடக்கம் செய்து, தலைமாட்டில் ஒரு செவ்வந்திச் செடி நட்டிருந்தார்கள். கப்பலுக்குப் புறப்படும் நாளன்று விடியற்காலையில் அம்மா அங்கே போய் உட்கார்ந்துகொண்டாராம். கங்காணி வந்து கையைப் பிடித்து எழுப்பியிருக்கிறார். தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காட்சி மட்டும் நினைவிருக்கிறது, அக்காளின் முகம் நினைவில்லை என்றார்.

1985ஆம் ஆண்டில் அவர் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். நமக்கு மிக அருகே இருக்கும் அந்தப் பாசறையை நாம் பேருந்திலிருந்து தினமும் பார்க்கிறோம். அந்தப் படைப்பிரிவு 1758ஆம் ஆண்டில் தோன்றியது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மகன் 'பரேடு' போகிறான் என்று கேட்ட அம்மா, "பிரட்டுக்குத்தானே போற, அதை நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன்" என்றாராம். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் 'பிரட்டு' என்று பெயர். பரேடு என்ற சொல்தான் அப்படி ஆயிற்று!

இரண்டு ஆண்டு கழித்து இடி விழுந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1987 ஜூலை 29 அன்று நம் பிரதமர் இராஜீவ் காந்தியும் அந்நாட்டு அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொள்ள, இந்திய அமைதி காக்கும் படை அந்நாட்டின் வடக்குக்கும் கிழக்குக்கும் சென்றது. முதலில் தமிழ் மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கும் அந்தப் படைக்குமே போர் மூண்டுவிட்டது. தாத்தாவின் பட்டாளம் 1988இல் போயிற்று. வவுனியாப் பக்கம்.

"நீங்கள் மெடல் வாங்கினீர்களா?" என்று கேட்டோம். வினாடி வினாவுக்காக, தமிழரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அந்தப் போரில் உயிர் துறந்து பரம வீர சக்கரம் பெற்றதை நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். தாத்தா தலையை ஆட்டினார். "அவரு வேற புள்ளைகளா. நான் மண்ணு மூட்டை கட்டுனேன்" என்றார்.

அது உண்மைதான் போலும். முகாம் வாழ்க்கை என்றால் கூடாரமும் கொடியும் பாட்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மணல் மூட்டை போட்ட பதுங்குகுழியில்தான் அவர்கள் இரவெல்லாம் இருந்தார்கள். பொழுது விடியும் முன்னும், பொழுது சாயும் வேளையிலும் எல்லாரும் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றாக வேண்டும். தாக்குதல் வருவதற்கு அவையே ஏற்ற நேரங்களாம். காலையில் சாலையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று அடி அடியாகச் சோதித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மைல் நடக்க ஒரு காலைப் பொழுதே போய்விடும். பிறகு தால், சோறு, கொசு, மலேரியா மாத்திரை. வவுனியா காய்ந்த நாடு. குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெயில் தாங்கவில்லை. அம்மா பின்னிக் கொடுத்திருந்த கம்பளி மப்ளருக்கு அங்கே ஒரு நாளும் வேலை இல்லை. அதை உருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வாராம்.

இன்னொன்றும் இருந்தது. விடுமுறையில் வந்தவர் குன்னூர்க் கடைவீதியில் ஒரு சிறு புட்டி நீலகிரித் தைலம் வாங்கிப் போயிருந்தார். இரவுக் காவல் முடிந்து வந்தால் அதன் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு மூடிவிடுவார். தடவ மாட்டார், தீர்ந்துவிடுமே! நாளடைவில் மற்ற வீரர்களும் கேட்டு வாங்கி முகர ஆரம்பித்தார்கள். திருநெல்வேலிக்காரர், கேரளத்துக்காரர், ஆந்திரத்துக்காரர் எல்லாரும் வெலிங்டனில் பயிற்சி பெற்றவர்கள்தானே? ஒருவர் மூக்கருகே வைத்துக்கொண்டு, "டேய், மூடுபனி" என்று கண்ணை மூடிக்கொண்டாராம். அவர் திரும்பி வந்தாரா என்று நாங்கள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டோம். தாத்தா வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் வரல" என்றார். அந்தப் படையில் ஏறத்தாழ 1200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அந்நாட்டு மக்கள் எத்தனை பேர் மடிந்தார்கள்! "எங்களப் பாத்தா சனங்க கதவ மூடிக்கும். பயப்படுறதுக்கு அவங்களுக்குக் காரணம் இருந்துச்சு" என்று அவரே சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொன்னார். மற்ற இடத்துப் போர் என்றால் எதிரில் இருப்பவர் பேச்சே புரியாது. அங்கே சாயங்காலத்தில் காவல் நிற்கும்போது, மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து தாய்மார் பிள்ளைகளை அதட்டுவதும், சோறு உண்ணக் கூப்பிடுவதும் தமிழில் கேட்கும். "நம்மளத்தான் கூப்புடுதோன்னு இருக்கும். நம்மள இல்லன்னும் தெரியும். அந்த நேரம்தான் புள்ளைகளா, ரொம்பக் கஷ்டம்." விடுதித் தோழி அப்போது தன் குடையின் கம்பியை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவிடமிருந்து கடிதம் வரும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் எழுதித் தருவார். எங்கே இருக்கிறான் என்று முகவரியில் தெரியாது, 56 ஏ.பி.ஓ. என்று ஓர் எண்தான் இருக்கும். ஆனால் வானொலிச் செய்தி கேட்ட அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று, மகன் 'அந்த நாட்டில்' இருக்கிறான் என்று. உடனே எழுதச் சொன்னாராம்: 'நீ அங்கேதானே இருக்கிறாய். அக்காளைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா. செவ்வந்தி இருக்கிறதா என்று பார்.'

அன்னைக்குப் போர் என்றால் என்ன தெரியும்? வவுனியாவிலிருந்து ஹட்டன் நம் குன்னூரிலிருந்து கோவை போல என்று நினைத்திருப்பார். இந்தியப் படை மலைநாட்டுக்குப் போகவே இல்லை, போகவும் முடியாது. தாத்தா பதில் எழுதாமல் இருந்தார். அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி. மூன்றாவதிலும்.

அந்த நாட்களில் ஒரு முறை ரோந்து போகையில் ஒரு குடியிருப்பைக் கடந்தார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள் வவுனியாப் பக்கம் பலர் குடியேறியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு குடிசை வாசலில் ஓர் ஆயா நின்றிருந்தார். எல்லாரும் கதவை மூடியிருக்க, அவர் மட்டும் மூடவில்லை. தாத்தா வரிசையில் இருந்த இன்னொரு வீரரிடம் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டம் தம்பி நீங்க?" என்றாராம்.

மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களைப் பட்டாளத்தில் எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்பார். ஆயிரம் முறை கேட்ட சொல்தான். அந்த ஆயா சொன்னபோது கால் நகரவில்லை என்றார் தாத்தா. "ஹட்டன் பக்கம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆயா உள்ளே போய் ஒரு டம்ளரில் தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டினார். வாங்கக் கூடாது. வெளியார் தருவது எதையும் குடிக்கக் கூடாது என்பது கட்டளை. எதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தாத்தா வாங்கவில்லை. "வேணாம் ஆயா" என்றுகூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டார். வாசலில் ஒரு சட்டியில் செவ்வந்தி பூத்திருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றிரவு பதுங்குகுழியில், டார்ச்சு விளக்கைத் துணியால் மூடி அந்த வெளிச்சத்தில், அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 'அக்காளைப் பார்த்தேன் அம்மா. செவ்வந்தி இருக்கிறது. மஞ்சள் நிறம். ஒன்பது பூ பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆயா ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார், குடித்தேன்.'

நாங்கள் யாரும் பேசவில்லை. தகரத்தின் மேல் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை அந்த வழியே போனபோது குடிசையில் யாரும் இல்லை. ஏன் என்று கேட்க ஆளும் இல்லை.

1990 மார்ச் 24 அன்று இந்தியப் படையின் கடைசி வீரர்கள் திரிகோணமலையை விட்டுக் கப்பலேறினார்கள். அந்தக் கடைசி நாட்களில் வந்த கப்பல் ஒன்றில்தான் தாத்தாவும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அந்தப் படையை வரவேற்க அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் செல்லவில்லை என்பது வரலாற்றில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டோம். "யாரு வந்தா, யாரு வரலன்னு நான் பாக்கல. மேட்டுப்பாளையம் வண்டி எத்தன மணிக்குன்னுதான் கேட்டேன்" என்றார். விடுப்புக் கிடைத்ததும் அந்த வண்டியேறி, மலை இரயிலில் குன்னூர் வந்து, தோட்டத்துக்கு நடந்தே போனாராம். அம்மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தார். தாத்தா சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார், அக்காளைப் பற்றிக் கேட்பார் என்று. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கப்பலிலேயே முடிவு செய்திருந்தார்.

அம்மா கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு என்றைக்குமே கேட்கவில்லை.

2009 மே மாதத்தில் அந்தப் போர் முடிந்தது. 24 ஆண்டுகள் பணி செய்த தாத்தாவும் அந்த ஆண்டில்தான் ஓய்வு பெற்றார். அம்மா இறந்தபின் பெட்டியைத் திறந்து பார்த்தால், அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரு தேயிலைத் தகரத்தில் அடுக்கி இருந்தன. மற்றவை புதிதாகவே இருந்தன. அந்த ஒரு கடிதம் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. எழுத்துத் தெரியாதவர் அதை எத்தனை பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார்!

இரவு எட்டு மணிக்கு எங்கள் தகப்பனார்கள் வண்டியோடு வந்தார்கள். தாத்தா வாயிலைத் திறந்து, எங்கள் நால்வரின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

மறு வாரம் நன்னெறி வகுப்பில், அது பொய்தானா, பாவமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். யார் கதை என்று சொல்லவில்லை, ஆனால் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். வெகு நேரம் சன்னல் வழியே வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தத் தாய்க்காகவும் அந்த ஆயாவுக்காகவும் இன்று ஜெபமாலை சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. இருவர் பொய் என்கிறோம், இருவர் இல்லை என்கிறோம். விடுதித் தோழி இந்த வாதத்தில் சேருவதே இல்லை. அவள் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டு வந்து நேரே காவலர் அறைக்குத்தான் போகிறாள். அழுகை நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்து அழுகிறாள், அவ்வளவுதான்.

ஆனால் அவள்தான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மீண்டும் கப்பல் விட ஆரம்பித்தார்கள் என்று அவள் மாமா சொல்லியிருந்தார். தாத்தாவிடம் சொன்னோம். அவர் மனத்திற்குள்ளேயே வழியைக் கணக்குப் பார்த்துவிட்டு, "காங்கேசன்துறையில எறங்குனா யாழ்ப்பாணம், அப்புறம் வவுனியா. வவுனியா தாண்டித்தான் ஹட்டன் போகணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "பாஸ்போர்ட்டு எடுக்க எம்புட்டு ஆகும்?" என்று கேட்டார்.

சிஸ்டரின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை கணிப்பொறி அறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நாங்களே நிரப்பினோம். தாத்தா அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். பிள்ளைகள் என்ற இடத்தில் அவர் பெயரும் அவர் தங்கையின் பெயரும் இருந்தன. 'பிறந்த இடம்' என்ற கட்டத்திற்கு வந்ததும், தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டாற்போல உரக்கச் சொன்னார்: "ஹட்டன்!"

கோவையில் நேர்காணலுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அரசுத் தேர்வு முடிந்த மறு வாரம். தாத்தா ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். பள்ளியில் சேர்ந்த பிறகு அவர் கேட்கும் முதல் விடுப்பாம். அன்று வாயிலில் யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பதிவேட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மதர் என்று போய்க் கேட்டுப் பார்த்தோம். மதர் எங்கள் ஐவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "உங்களிடமா!" என்றார்.